கணினியின் வாயிற்காவல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வீடு கட்டுவோர் சுவருக்குக் காட்டும் அக்கறையைக் கதவுக்கும் காட்டுவர். கணினியைக் காக்க முற்படுவோர் கடவுச்சொல்லை நினைக்கின்றனர், இணையத்தை நினைக்கின்றனர். ஆனால் கணினியின் ஓரத்தில் திறந்து கிடக்கும் இணைப்புவாயில்களைப் பலரும் மறந்துவிடுகின்றனர். உலகின் மிகக் கடுமையான காவல் கொண்ட இடங்களிலும் பகை அந்த வாயில்வழியே, அதுவும் ஒரு மனிதரின் கையாலேயே நுழைந்திருக்கிறது. அவ்வாயில்களின் இயல்பையும் அவற்றைக் காக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

கோட்டையும் வாயிலும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே 'விட்டவாசல்' என்னும் பழைய கல்வாயில் ஒன்று உள்ளது. பாண்டியர் காலக் கோட்டையின் எச்சமாக அது கருதப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் நகரை விரிவாக்க வேண்டி மதுரைக் கோட்டை இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, அவ்விடத்தில் வெளிவீதிகள் அமைந்தன.

கோட்டைக்குச் சுவர் வலிமை தரும். ஆயினும் சுவர் மட்டுமே கொண்ட கோட்டையில் மனிதர் வாழ இயலாது. நெல்லும் நீரும் வணிகரும் உள்ளே வர வாயில் வேண்டும். வாயில் இருந்தால் காவலர் வேண்டும். வருபவர் யார், கொண்டுவருவது யாது என வினவுவது காவலரின் கடமையாகும். கணினிக்கும் இது பொருந்தும். விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி, திரை, பென் டிரைவ் ஆகியவை வந்து சேரும் இடங்களே இணைப்புவாயில்கள் (போர்ட்டுகள்). வாயில் இல்லாத கணினி பயன்படாது; காவல் இல்லாத வாயிலோ தீங்கு தரும்.

வடிவத்தால் அறிந்த காலம்

தொடக்கக் காலக் கணினிகளில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வாயில் இருந்தது. விசைப்பலகைக்கு ஊதா நிற வட்டத் துளை. சுட்டிக்குப் பச்சை நிற வட்டத் துளை. திரைக்கு 15 ஊசிகளும் இருபுறத் திருகுகளும் கொண்ட இணைப்பு. அச்சுப்பொறிக்கு அகன்ற நீண்ட இணைப்பு. அச்சுப்பொறியின் கம்பியை விசைப்பலகையின் துளையில் செருக முடியாது. வருவது எத்தகைய கருவி என்பதை வாயிலின் வடிவமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்தது.

இந்தப் பன்மையால் பயனாளர் இடர்ப்பட்டனர். அதனைத் தீர்க்க 1996இல் யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்புமுறை வெளியிடப்பட்டது. பல நிறுவனங்கள் கூடி உருவாக்கிய இம்முறையில் இன்டெல் நிறுவனப் பொறியாளரும் குஜராத் மாநிலம் வடோதராவில் பயின்றவருமான அஜய் பட் முதன்மையான பங்காற்றினார். ஒரே வடிவத் துளையில் எல்லாக் கருவிகளையும் செருகலாம் என்ற எளிமை உலகெங்கும் பரவியது. 2000ஆம் ஆண்டில் பென் டிரைவ் விற்பனைக்கு வந்தது. அதன்பின் கோப்புகள் சட்டைப்பையில் ஏறிப் பயணம் செய்யத் தொடங்கின.

எளிமையோடு ஓர் இழப்பும் வந்தது. எல்லாக் கருவிகளுக்கும் வாயில் ஒன்றே ஆனதால் வருவது யாது என வடிவத்தைக் கொண்டு அறிய இயலாமற்போயிற்று. யூ.எஸ்.பி. கருவி ஒன்று செருகப்பட்டதும் கணினி அதனை 'நீ யார்?' என வினவுகிறது. 'நான் விசைப்பலகை' என்றோ, 'நான் சேமிப்புக் கருவி' என்றோ அக்கருவி விடை தருகிறது. கணினி பொதுவாக அவ்விடையை அப்படியே நம்புகிறது. வந்தவர் சொன்ன பெயரை மெய்யென்று ஏற்கும் காவலரைப் போன்றது இது. இப்பாடத்தில் கூறப்படும் இடர்களுள் பலவற்றுக்கு இந்த நம்பிக்கையே வேராகும்.

> தெரிந்து தெளிவோம்
> வழக்கமான யூ.எஸ்.பி. 2.0 இணைப்பில் 4 தொடுமுனைகள் உள்ளன. வெளிப்புறத்து இரண்டும் 5 வோல்ட் மின்சாரத்துக்கானவை. உட்புறத்து இரண்டும் தரவுக்கானவை. செருகியில் மின்முனைகள் சற்று நீளமாக அமைந்துள்ளன. எனவே கருவிக்கு முதலில் மின்சாரம் கிடைக்கும். பின்னரே தரவுத் தொடர்பு ஏற்படும். 2014இல் வெளிவந்த 'சி' வகை இணைப்பில் 24 தொடுமுனைகள் உள்ளன. அதனை எப்பக்கமாகவும் செருகலாம்.

சமயநல்லூரில் ஒரு மாலை

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் சாலையில் ரயில் நிலையத்தோடு அமைந்த ஊர் சமயநல்லூர். இத்தகைய ஓர் ஊரில் நிகழக்கூடிய காட்சி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்.

மேனிலைத் தேர்வு முடிவு வந்தபின் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் காலம். மாணவி ஒருத்தி தன் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஒளிப்படம் ஆகியவற்றைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குச் செல்கிறாள். கடையில் கூட்டம் மிகுதி. அங்குள்ள ஒரே கணினியில் அன்று காலைமுதல் பலருடைய பென் டிரைவ்கள் செருகப்பட்டிருக்கின்றன. அவளுடையதும் செருகப்படுகிறது, அச்சு எடுக்கப்படுகிறது, அவள் வீடு திரும்புகிறாள்.

இரவில் தன் மடிக்கணினியில் பென் டிரைவைத் திறந்தால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிக் குறிகளாக மாறியிருக்கின்றன. எதனைச் சொடுக்கினாலும் சான்றிதழ் திறக்கவில்லை. விண்ணப்பிக்க மறுநாளே கடைசி நாள். 'அழிந்துவிட்டது, ஃபார்மேட் செய்துவிடு' என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

அங்கேதான் உண்மையான இழப்பு காத்திருக்கிறது. இவ்வகை நச்சுநிரல் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவைத்து, அவற்றின் பெயரில் போலிக் குறிகளை நிறுத்துகிறது. அக்குறியைச் சொடுக்கும்போது நச்சுநிரல் இயங்கி அடுத்த கணினிக்குத் தாவுகிறது. அச்சத்தில் ஃபார்மேட் செய்தால், மறைந்திருந்த சான்றிதழ்களும் உடன் போய்விடும். குறிகளைச் சொடுக்காமல், நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் ஆய்ந்து, மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்கினால் பெரும்பாலும் அவை மீண்டும் கிடைக்கும்.

கடைக்காரர் தீயவர் அல்லர். மாணவியும் கவனமற்றவள் அல்லள். பலர் கை மாறும் ஒரு வாயிலில் வினவுவார் எவரும் இல்லை என்பதே குறை. அவள் மறுநாள் அதே பென் டிரைவைப் பள்ளி ஆய்வகக் கணினியில் செருகினால், அங்கிருந்து அது வகுப்புத் தோழர்களின் கணினிகளுக்கும் செல்லும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. முதன்முறையாகக் கணினி நுழைந்த வீடுகள் அதனால் பல. அத்தகைய வீட்டில் ஒரு கணினி கெட்டால் மாற்றுக் கணினி இராது.

இதற்குரிய தீர்வுகள் எளியவை. கடைக்குக் கொண்டுசெல்லவெனத் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்ளலாம். அதில் அச்சிட வேண்டிய கோப்பு மட்டுமே இருக்க வேண்டும். சான்றிதழ்களின் முதற்படி அதில் ஒருபோதும் இருத்தல் கூடாது. எழுதுதலைத் தடுக்கும் சிறு விசை கொண்ட பென் டிரைவ்களும் உண்டு. அவ்விசையை இட்டுவிட்டால் வெளிக்கணினி அதில் எதனையும் எழுத முடியாது.

கையால் நுழைந்த பகை

ஊர்க் கடையில் நிகழக்கூடியது உலக வல்லரசுக்கும் நிகழ்ந்தது. 2008இல் மேற்காசியாவில் இருந்த அமெரிக்கப் படைத்தளம் ஒன்றில், மடிக்கணினியில் செருகப்பட்ட பென் டிரைவின் வழியே நச்சுநிரல் ஒன்று அந்நாட்டு இராணுவ வலையமைப்புகளுக்குள் பரவியது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பென் டிரைவ் பயன்பாட்டுக்கே தடை விதித்தது.

இதனினும் பெரிய நிகழ்வு 2010இல் வெளிப்பட்டது. ஈரானின் நத்தான்சு நகரில் யுரேனியம் செறிவூட்டும் நிலையம் உள்ளது. அதன் கட்டுப்பாட்டுக் கணினிகள் இணையத்தோடு இணைக்கப்படவில்லை. ஆயினும் 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நச்சுநிரல் அங்கே நுழைந்தது. அது பென் டிரைவ் வழியாகப் பரவும்படி அமைக்கப்பட்டிருந்தது. கோப்பினைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. பென் டிரைவில் உள்ளவற்றைத் திரையில் பட்டியலிட்டாலே அது இயங்கிவிடும். சுழல் இயந்திரங்களின் வேகத்தை மாற்றிச் சிதைத்துக்கொண்டே, கண்காணிப்போருக்கு எல்லாம் இயல்பாக இருப்பதுபோல் காட்டியது. ஏறத்தாழ 1000 இயந்திரங்கள் பழுதுற்றதாக மதிப்பிடப்பட்டது. இலக்கு ஈரானாக இருந்தும், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கணினிகளிலும் இந்நிரல் மிகுதியாகக் காணப்பட்டது.

தமிழ்நாட்டிலும் ஒரு படிப்பினை உண்டு. 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சார்ந்த ஒரு கணினியில் நச்சுநிரல் இருப்பது குறித்து இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான 'செர்ட்-இன்' தகவல் தந்தது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அதனை உறுதிப்படுத்தியது. பாதிக்கப்பட்ட கணினி, நிருவாகப் பணிக்கான இணைய வலையமைப்பில் இருந்தது. உலையை இயக்கும் வலையமைப்போ அதனின்று முற்றிலும் பிரிக்கப்பட்டிருந்தது. ஆகவே நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை எனக் கழகம் அறிவித்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரித்துவைத்தல் காக்கும் என்பதற்குக் கூடங்குளம் சான்று. பிரித்துவைத்த இடைவெளியையும் ஒரு பென் டிரைவ் கடந்துவிடும் என்பதற்கு நத்தான்சு சான்று. கம்பியால் இணைக்கப்படாத இரு கணினிகளை மனிதரின் கை இணைத்துவிடுகிறது.

கண்டெடுத்த பொருள்

ரயில் நிலைய இருக்கையில் ஒரு பென் டிரைவ் கிடக்கிறது. எடுத்தவர் என்ன செய்வார்? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென் டிரைவ்களை ஆங்காங்கே போட்டுவைத்துப் பார்த்தனர். அவற்றுள் 290 எடுத்துச்செல்லப்பட்டன. 135 பென் டிரைவ்களில் இருந்த கோப்புகள் திறக்கப்பட்டன. 2016இல் வெளியான இவ்வாய்வின் மற்றொரு செய்தி எண்ணத்தக்கது: திறந்தவர்களுள் பலர், உரியவரைக் கண்டுபிடித்துத் திருப்பித் தரவே திறந்ததாகக் கூறினர். இரக்கமும் ஆர்வமும் நற்பண்புகளே. வாயிலைத் திறக்கச் செய்யப் பகைவர் அப்பண்புகளையே பயன்படுத்தக்கூடும். கண்டெடுத்த பென் டிரைவை நிலைய அலுவலரிடமோ, பள்ளியாயின் ஆசிரியரிடமோ ஒப்படைப்பதே முறை.

பென் டிரைவ் போலத் தோன்றுவது பென் டிரைவாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அத்தகைய கருவியின் உள்நிரலை மாற்றி, அதனை விசைப்பலகையெனக் கணினிக்கு அறிமுகம் செய்ய முடியும் என 2014இல் ஆய்வாளர்கள் மெய்ப்பித்துக் காட்டினர். கணினி அதனை நம்பும். கண்ணுக்குத் தெரியாத விரல்கள் தட்டச்சு செய்வதுபோல் கட்டளைகள் உள்ளே செல்லும்.

வாயிலையே எரித்துவிடும் கருவியும் உண்டு. கணினி தரும் 5 வோல்ட் மின்சாரத்தை உட்கொண்டு தன்னுள் தேக்கி, உயர் மின்னழுத்தமாக்கித் திருப்பி வீசும் இயல்புடையது அது. 2019 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரக் கல்லூரி ஒன்றில், முன்னாள் மாணவர் ஒருவர் இக்கருவியைக் கொண்டு 66 கணினிகளைப் பாழாக்கினார். வலையமைப்பில் எவ்வளவு வலிய தடுப்பு இருந்தாலும் இதனைத் தடுத்திருக்க இயலாது. ஆய்வக அறையின் கதவும் கண்காணிப்புமே தடுத்திருக்கும்.

பொது இடங்களில் கைப்பேசிக்கு மின்னேற்றுவதிலும் விழிப்பு வேண்டும். மின்சாரம் செல்லும் கம்பியிலேயே தரவும் செல்லும். இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டிலும் இது குறித்த எச்சரிக்கை இடம்பெற்றுள்ளது. பேருந்து நிலையத்திலோ ரயில் பெட்டியிலோ சொந்த மின்னேற்றியைச் சுவர்ச் செருகியில் பொருத்திப் பயன்படுத்துவது நன்று.

இடி, தூசி, எறும்பு

வாயிலுக்குப் பகை மனிதர் மட்டும் அல்லர். வைகைச் சமவெளியில் கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் இடியும் மின்னலும் மிகுதி. மின்னல் அழுத்தம் மின்கம்பி வழியாக மட்டுமன்றி, வலையமைப்புக் கம்பி வழியாகவும் கணினிக்குள் பாயும். ஆகவே இடி முழங்குமுன்பே மின்செருகியோடு வலையமைப்புக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். மின்செருகியை மட்டும் கழற்றுவது ஒரு கதவைச் சாத்தி மறு கதவைத் திறந்துவைப்பதாகும்.

நிலத்தொடர்பு (எர்த்) அடுத்த தேவை. மூன்று முனைச் செருகியில் நீளமும் பருமனும் மிக்க முனை நிலத்தொடர்புக்கு உரியது. அதனை ஒடித்துவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகுதல் தீங்கானது. கணினிப் பெட்டியைத் தொட்டால் கை சுள்ளென்றால், நிலத்தொடர்பு சரியில்லை என்பது பொருள். உப்பும் கரியும் இட்ட நிலத்தொடர்புக் குழி கோடையில் வறண்டுபோகும்; அதற்கு அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும். பிழையைச் சரிசெய்ய மின்பணியாளரையே அழைக்க வேண்டும்.

சாலையோர ஊர்களில் தூசி ஓயாது படியும். பயன்படாத வாயில்களில் எறும்பும் சிறு பூச்சியும் குடிபுகும். எலி கம்பியைக் கடிக்கும். வாயால் ஊதித் தூசியை அகற்றுவது தவறு. எச்சிலின் ஈரம் தொடுமுனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஊக்கு, ஊசி முதலியவற்றால் குடையக் கூடாது. கணினியை அணைத்து, மின்தொடர்பை நீக்கி, காற்றூதியாலோ மென்மையான உலர்ந்த தூரிகையாலோ அகற்ற வேண்டும். பயன்படாத வாயில்களுக்கு ரப்பர் மூடியிடுதல் நலம்.

கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றும் பழக்கமே வாயில்களை விரைவில் தளரச் செய்கிறது. செருகியின் தலையைப் பிடித்தே கழற்ற வேண்டும். நடைபாதையின் குறுக்கே கம்பி கிடந்தால், ஒருவரின் கால் பட்டதும் மடிக்கணினியே கீழே விழும்.

காவல் முறைகள்

வாயிற்காவல் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு வாக்குச்சாவடியே நல்ல எடுத்துக்காட்டு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் எவ்வலையமைப்போடும் இணைக்கப்படுவதில்லை. அதன் கட்டுப்பாட்டுக் கருவியில் முடிவுப் பகுதி பச்சைத்தாள் முத்திரையால் மூடப்படுகிறது. வேட்பாளர்களின் முகவர்கள் அதில் கையொப்பமிடலாம். வாக்குப்பதிவு முடிந்தபின் இயந்திரம் பெட்டியிலிட்டு முத்திரையிடப்பட்டுக் காப்பறையில் வைக்கப்படுகிறது. முத்திரை திருடனின் கையைப் பிடித்துத் தடுக்காது. ஆனால் தொட்டவர் தொட்டதை மறைக்க முடியாமற்செய்யும்.

இம்முறையைப் பள்ளி ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் கடையிலும் எளிதாகப் பின்பற்றலாம்.

1. பூட்டுதல்: மடிக்கணினிகள் பலவற்றின் ஓரத்தில் பூட்டுக்கென ஒரு சிறு பிளவு உண்டு. எஃகுக் கம்பிப் பூட்டை அதில் பொருத்தி மேசையோடு இணைக்கலாம்.
2. எண்ணிடுதல்: சுட்டி, விசைப்பலகை, தலையணிபேசி, கம்பி ஆகிய ஒவ்வொன்றுக்கும் எண் இட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் எண்ணிப் பார்த்தபின் அறையைப் பூட்ட வேண்டும்.
3. அடைத்தல்: தேவையற்ற வாயில்களை மூடியால் அடைக்கலாம், கணினியின் அமைப்புவழியாகச் செயலிழக்கவும் செய்யலாம்.
4. அனுமதித்தல்: இந்திய அரசின் 'சைபர் சுவச்சதா கேந்திரா' வழங்கும் 'யூ.எஸ்.பி. பிரதிரோத்' என்னும் மென்பொருள், அனுமதி பெற்ற சேமிப்புக் கருவிகளை மட்டும் ஏற்கும்படி கணினியை அமைக்க உதவுகிறது.
5. ஆய்தல்: வெளியிலிருந்து வரும் பென் டிரைவ்களை ஆய்வதற்கென வலையமைப்பில் சேராத கணினி ஒன்றை ஒதுக்க வேண்டும்.
6. படியெடுத்தல்: இன்றியமையாக் கோப்புகளுக்கு இரண்டு படிகளாவது வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும்.

> தெரிந்து தெளிவோம்
> உரிமையாளரின் இசைவின்றி ஒரு கணினியை அணுகுதல், தரவைப் படியெடுத்தல், நச்சுநிரலைப் புகுத்துதல், கணினியைச் சிதைத்தல் ஆகியவை தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவின்கீழ் வருகின்றன. அவற்றை நேர்மையற்ற நோக்கில் செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள்வரை சிறைத் தண்டனையோ, 5 இலட்சம் ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இணையவழிப் பண மோசடி குறித்து 1930 என்னும் எண்ணில் முறையிடலாம்.

நிறைவாக

மென்பொருள் தடுப்புகள் நாளுக்கு நாள் வலிமை பெறுகின்றன. ஆயினும் ஒரு கருவியை வாயிலில் செருகுவதா, வேண்டாவா என்பதை முதலில் முடிவுசெய்வது மனிதரின் கையே. 'இது யாருடையது? எங்கிருந்து வந்தது? இதனைச் செருகத்தான் வேண்டுமா?' என்னும் மூன்று வினாக்களைக் கணினி கேட்பதில்லை. அவற்றைக் கேட்கும் பொறுப்பு பயனாளருக்கு உரியது. மதுரைக் கோட்டையின் வாயிற்காவலர் செய்த பணியை இன்று சமயநல்லூரில் கணினியின் முன் அமரும் மாணவர் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு நொடி தயங்கிக் கேட்கும் அவ்வினா, ஒரு வீட்டின் ஒரே கணினியையும் ஒரு மாணவியின் ஓராண்டு உழைப்பையும் காக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள இணைப்புவாயில்களின் வகைகளையும் அவற்றுள் பயன்படாதவற்றையும் பட்டியலிடுக.
2. 'கண்டெடுத்த பென் டிரைவ்' என்னும் தலைப்பில் இரு மாணவர் உரையாடுவதாக ஓர் உரையாடல் எழுதுக.
3. உங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் ஒட்டுவதற்கேற்ற ஐந்து வரி அறிவிப்பு ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. பொருத்துக.
அ) யூ.எஸ்.பி. வெளியீடு – 1) 2019
ஆ) பென் டிரைவ் விற்பனை – 2) 1996
இ) ஸ்டக்ஸ்நெட் வெளிப்பாடு – 3) 2000
ஈ) கூடங்குளம் நிகழ்வு – 4) 2010

க) 2, 3, 4, 1  உ) 3, 2, 1, 4  ங) 2, 4, 3, 1  ச) 4, 3, 2, 1

*குறுவினா*

2. வாயால் ஊதித் தூசியை அகற்றுவது ஏன் தவறு?
3. இடி முழங்கும்போது மின்செருகியை மட்டும் கழற்றினால் போதுமா? விளக்குக.

*சிறுவினா*

4. யூ.எஸ்.பி. முறையால் விளைந்த எளிமையையும் இழப்பையும் எழுதுக.
5. கூடங்குளம், நத்தான்சு நிகழ்வுகள் உணர்த்தும் செய்திகளை ஒப்பிடுக.

*நெடுவினா*

6. 'கம்பியால் இணைக்கப்படாத இரு கணினிகளை மனிதரின் கை இணைத்துவிடுகிறது' – இக்கூற்றைப் பாடக் கருத்துகளைக் கொண்டு நிறுவுக.